தொலைவிலிருந்து அலுவலக மின்னஞ்சல்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது அலுவலகங்கள் மூடப்பட்டன. வேலை வீடு தேடி வந்தது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் பலருக்குக் கைகொடுக்கிறது. என் வகுப்புத் தோழியின் அக்கா மண்டைதீவிலுள்ள தன் வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனமொன்றின் கணக்குகளைப் பார்க்கிறார். அவருடைய மடிக்கணினியில் அலுவலக மின்னஞ்சலை இணைக்க உதவியபோது, உயர்தரத்தில் நான் படிக்கும் பாடம் நேரில் வந்து நின்றது. அதை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அலுவலகக் கடிதங்கள் சேவையகம் என்ற கணினியில் இருக்கின்றன. அதை அடைய நமக்கு அதன் பெயர், நெறிமுறை, துறை இலக்கம் ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். நயினாதீவுப் படகும் நெடுந்தீவுப் படகும் குறிகட்டுவானிலிருந்தே புறப்படுகின்றன. எந்தப் படகில் ஏறுவது என்று தெரியாவிட்டால் ஊர் போய்ச் சேர முடியாது. ஒரே சேவையகத்தில் பல துறை இலக்கங்கள் இருப்பதும் அப்படித்தான்.

1. கடிதம் பெறுதல்: ‘ஐமப்’ முறையில் கடிதங்கள் சேவையகத்திலேயே இருக்கும். கைபேசியில் வாசித்தது மடிக்கணினியிலும் வாசித்ததாகவே தெரியும். பாதுகாப்பான துறை 993. ‘பொப்’ முறை கடிதங்களை மடிக்கணினிக்கு இறக்கிக்கொள்ளும். பெரும்பாலும் சேவையகத்திலிருந்து நீக்கியும் விடும். அதன் துறை 995.

2. கடிதம் அனுப்புதல்: இதற்கான நெறிமுறை எஸ்.எம்.ரீ.பி. பயனர் அனுப்புவதற்குரிய துறைகள் 587, 465. துறை 25 சேவையகங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு உரியது. வீட்டு இணைப்புகளில் இதை இணைய நிறுவனங்கள் பல வேளைகளில் அடைத்து வைக்கின்றன.

அலுவலகத்தில் இயங்கிய மின்னஞ்சல் வீட்டில் மறுப்பதற்கு இது ஒரு காரணம். மற்றது, சேவையகத்தின் பெயர். அலுவலக வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் பெயரை வெளியிலிருந்து தேடினால் கிடைக்காது. வெளியிலிருந்து பயன்படுத்தும் பெயரைக் கேட்டுப் பெறவேண்டும், அல்லது வி.பி.என். எனும் மெய்நிகர் தனியார் வலையமைப்பின் ஊடாகச் செல்லவேண்டும். அது பொது இணையத்தின் ஊடே அலுவலகம் வரை அமைக்கப்படும் பூட்டிய பாதை.

3. பாதுகாப்பு: மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில் கடவுச்சொல்லை இடைவழியில் பிறர் படித்துவிடலாம். எனவே ரீ.எல்.எஸ். தெரிவை இயக்கியே வைக்கவேண்டும். ‘சான்றிதழ் பொருந்தவில்லை’ என்ற எச்சரிக்கை வந்தால் அவசரப்பட்டுச் சம்மதிக்காமல் அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. கடவுச்சொல்லுடன் கைபேசிக் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு இன்னும் சிறந்தது.

4. பிரதி: சேவையகத்தில் இருப்பதால் மட்டும் கடிதம் பத்திரமாகிவிடாது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் இணையத் தாக்குதலுக்கு இலக்கானது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. ‘ஐமப்’ முறையில் ஓரிடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும் என்பதையும் மறக்கக்கூடாது. முக்கியமானவற்றை அலுவலகத்தின் அனுமதியுடன் வேறாகவும் சேமிக்கவேண்டும்.

சகோதரிகளே, படித்த பெண்கள் பலர் தூரம் காரணமாக வேலையைக் கைவிடுகிறார்கள். இந்தச் சில அமைப்புகளை அறிந்தால், தீவிலிருந்தும் தலைநகர வேலையைச் செய்யலாம். பெற்றோரே, உங்கள் மகள் மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பது வீண்பொழுது என்று எண்ணிவிடாதீர்கள். அலுவலகக் கடிதம் நம் கையில் தரப்பட்ட அமானிதம். அதைத் திறக்கக் கற்பதுபோல் காக்கவும் கற்போம்.