எறியும் கைக்கு ஏற்ற களம்

காரைக்குடியை அடுத்த கல்லல் பக்கத்தில் ஒரு பையன் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை நேராகக் கீப்பர் கைக்கு எறிந்துவிட்டால், ஊர் அவனுக்குக் காட்டும் வழி ஒன்றுதான்: கிரிக்கெட் அகாடமி. பிள்ளைக்கு அதில் நாட்டம் உண்டா என்று கேட்பதற்கு முன்பே பெற்றோர் கட்டணம் விசாரிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்துவிட்டான் என்பதே போதுமான காரணமாகிவிடுகிறது. ஆனால் எறிகிற கைக்கு வட்டெறிதல், அல்டிமேட் ஃபிரிஸ்பீ, டிஸ்க் கோல்ஃப் என்று வேறு மூன்று களங்களும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும், இன்று இருக்கும் இடத்திலிருந்து எட்டிப் பிடிக்கக்கூடிய அடுத்த போட்டி எது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கிரிக்கெட்டிடம் கேட்டுப் பாருங்கள். 2016-ல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகளில் ஒன்றின் பெயர் காரைக்குடி காளை. செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தார்கள். ஆட்டங்கள் நடந்ததோ சென்னையிலும் திண்டுக்கல்லை அடுத்த நத்தத்திலும் திருநெல்வேலியிலும். சில ஆண்டுகளில் அந்த அணியே திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. கிரிக்கெட்டில் எறிவது துணைத் திறமைதான். மட்டையாலோ பந்துவீச்சாலோ தன்னை நிரூபிக்காத ஒருவனை, எறிகிறான் என்பதற்காக எந்த அணியும் எடுக்காது. வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிக்குப் போனாரே என்று உடனே கேட்பார்கள். போனார்தான். ஆனால் இருபது வயதை ஒட்டியும் அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்து. அவரை மேலே கொண்டுபோனது இடக்கையால் துல்லியமாக யார்க்கர் போடும் அரிய ஆற்றல். இந்தியாவுக்கு ஆடியபோது அவருக்கு 29 வயது. பன்னிரண்டு வயதில் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகாது. எறியும் திறன் மட்டுமே உள்ள பிள்ளையை அகாடமிக்கு அனுப்புவது, நன்றாகப் பாடுகிறவளைத் தவில் வகுப்பில் சேர்ப்பதைப் போன்றது.

வட்டெறிதலில் எறிவதே ஆட்டம். என் சாய்வு இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை. வேண்டியது 2.5 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம், பாதுகாப்பு வலை, எதிரே ஆளில்லாத திறந்த வெளி. வயதுக்கேற்ப வட்டின் எடை கூடும்: பதினெட்டுக்குட்பட்ட பையன்களுக்கு 1.5 கிலோ, இருபதுக்குட்பட்டோருக்கு 1.75, ஆண்களுக்கு 2, பெண்களுக்கு 1. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகளின் படிகள் வரிசையாக இருக்கின்றன. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. இதற்கெல்லாம் பேரும் புகழும் ஏது என்பார்கள். 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டில் பெண்கள் வட்டெறிதலின் மூன்று பதக்கங்களையும் இந்தியாவே வென்றது. கிருஷ்ணா பூனியாவின் தங்கம், மில்கா சிங் 1958-ல் வென்றதற்குப் பிறகு தடகளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் காமன்வெல்த் தங்கம்.

பறக்கும் தட்டு வேறு உலகம். அல்டிமேட்டில் 175 கிராம் தட்டை வைத்துக்கொண்டு ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடலாம், நடுவர் கிடையாது. சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரை அதற்குப் பழகிய இடம். கல்லூரிக்குச் சென்னை போகிற பிள்ளை தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். தட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் பார்க்க அழகு. எட் ஹெட்ரிக் 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். இன்று பால் மெக்பெத் போன்றவர்கள் கோடி டாலர் ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரருக்குத் தர எண் வேண்டும், அதற்கு அடுத்தடுத்துப் பதிவுபெற்ற போட்டிகள் வேண்டும். அவை அமெரிக்காவிலும் பின்லாந்திலும் மலிந்திருப்பதுபோல் நம் பக்கம் இல்லை. கருவேலங்காட்டின் ஓரத்தில் கூடை வைத்துப் பொழுதுபோக்காக ஆடட்டும். அப்போதும் தூரம் போகும் டிரைவர் தட்டை விட்டுவிட்டு, கூடைக்கு அருகிலிருந்து எறியும் பட்டர் தட்டில் தொடங்கட்டும். கை வலுப்பெறாதவர் டிரைவரை வீசினால் அது சட்டென்று பக்கவாட்டில் சரிந்து விழும்.

வட்டெறிதல்தான் என்று முடிவுசெய்த பிறகும், போட்டியையும் மைதானத்தையும் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு மயக்கம் வரும். வட்டெறிதலில் காற்றளவுக்கு வரம்பு கிடையாது. சரியான கோணத்தில் எதிர்காற்று வீசினால் வட்டு அதன்மேல் ஏறிப் போகும். லித்துவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 2024 ஏப்ரலில் ஓக்லஹோமாவின் ராமோனா என்ற காற்றடிக்கும் சிற்றூரில் 74.35 மீட்டர் எறிந்து 1986-ன் உலக சாதனையை முறியடித்தார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் அரங்கில் அவர் எறிந்தது 69.97, தங்கம் 70.00 எறிந்த ஜமைக்காவின் ரோஜே ஸ்டோனாவுக்குப் போனது. அதனால் ஆடிக்காற்றில் கண்மாய்க்கரை ஓரம் எறிந்து கிடைக்கும் தூரத்தை வைத்துப் பிள்ளையின் தரத்தை முடிவுகட்ட வேண்டாம். காற்று அடங்கிய அதிகாலையிலும் எறியட்டும், மழைக்குப் பின் வழுக்கும் வட்டத்திலும் எறியட்டும். குறுவட்டப் போட்டிகளில் இரண்டு ஆண்டு நிதானமாக எறிந்து தேறிய பிறகு மாநிலப் போட்டியை நினைக்கலாம். வட்டை எறியச் சுழலும் சுழற்சியில் கால் பழக மாதக்கணக்காகும். அந்த மாதங்களில் தூரம் குறையக்கூடச் செய்யும், பெற்றோர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டு வாங்கித் தேதி, வட்டின் எடை, காற்று, தூரம் ஆகியவற்றைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். ஓர் ஆண்டு எழுதி முடித்த பிறகு, தொடர்வதா வேறு களத்துக்கு மாறுவதா என்று அந்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு பிள்ளையும் உடற்கல்வி ஆசிரியரும் பேசட்டும்.