ஏரிச் சேறும் மணிச்சத்தும்

உதகமண்டலத்து ஏரியில் படகு செலுத்தி மகிழ்வோர் பலர். அவ்வேரியின் அடியிற் கிடக்கும் சேற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும், ஏரியின் நலமும் கேடும் அச்சேற்றைப் பெரிதும் பொறுத்தனவாகும். அஃது எவ்வாறு என்பதைக் காண்போம்.

கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளைத் தடுத்து இவ்வேரியை அமைத்தார். 1823இல் தொடங்கிய வேலை 1825இல் முடிவுற்றது. பிற்காலத்தில் ஊர் பெருகிற்று. கோடப்பமந்து கால்வாய் வழியாகக் கழிவுநீர் ஏரியை வந்தடைந்தது. ஆகாயத்தாமரை நீர்மேற் படர்ந்தது.

நீர்ச்செடிகள் இவ்வாறு பெருகுதற்கு ஒரு முதன்மையான காரணம் மணிச்சத்து ஆகும். அறிவியலார் இதனைப் பாஸ்பரஸ் என்பர். கதிரில் மணி பிடிக்கவும், நம் எலும்பும் பல்லும் உறுதி பெறவும் இது வேண்டும். ஆனால் நீர்நிலையில் இது மிகுமாயின் பாசியும் களையும் தழைக்கின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது, மீன்கள் மாள்கின்றன.

மணிச்சத்து ஏரியை அடையும் வழிகள் இரண்டு. ஒன்று கழிவுநீர், மற்றொன்று மண். நீலகிரி மண் அமிலத்தன்மை உடையது. இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் அதில் மிகுதி. உருளைக்கிழங்குப் பாத்திகளில் உழவர் இடும் உரத்தின் மணிச்சத்தை இவை இறுகப் பற்றிக்கொள்கின்றன. பயிருக்குக் கிடைப்பது சிறு பகுதியே. பெருமழை சரிவு மண்ணை அரிக்கும்போது, மண்ணோடு மணிச்சத்தும் ஓடையிற் சேர்கிறது.

ஏரியிற் படிந்த சேறு, நீரிற் கரைந்துள்ள மணிச்சத்தையும் ஈர்த்துக்கொள்கிறது. ஆனால் அஃது என்றும் பூட்டிய பெட்டகம் அன்று. அடிநீரில் பிராணவாயு தீர்ந்துபோனால், சேற்றிலுள்ள இரும்பு நிலைமாறிக் கரைகிறது. அது பற்றியிருந்த மணிச்சத்தும் விடுபட்டு நீரிற் கலக்கிறது. இங்கிலாந்து நாட்டு ஏரிகளை ஆராய்ந்த மார்ட்டிமர் என்னும் அறிஞர் இவ்வுண்மையை 1941, 1942ஆம் ஆண்டுகளில் விளக்கினார். ஆதலின் கழிவுநீர் வரவைத் தடுத்த பின்னரும், பழைய சேறு பல்லாண்டுகள் ஏரியைக் கெடுக்கக்கூடும். தந்தை பட்ட கடனை மைந்தன் தீர்ப்பது போன்றது இது.

ஆறுகளின் நிலையும் இதுவே. மோயாறும் பவானியும் கொணரும் வண்டல் பவானிசாகர் அணையிற் படிகிறது. அணை கடந்த நுண்மண் காவிரியோடு சேர்ந்து வங்கக்கடலை நோக்கிச் செல்கிறது. கழிமுகத்தில் உப்புநீர் பட்டவுடன் நுண்மண் திரண்டு அடியிற் படியும். அங்கே, கடல்நீரின் கந்தகச் சேர்மங்கள் சேற்றினுள் மாற்றமுற்று இரும்பைக் கவர்ந்துகொள்ளும்; மணிச்சத்து மீண்டும் விடுபடும்.

இதற்குத் தீர்வு யாது? கழிவுநீரைத் தூய்மை செய்து விடுத்தல் ஒன்று. மண்ணைச் சரிவிலேயே காத்தல் மற்றொன்று. உதகமண்டலத்தில் 1954இல் நிறுவப்பெற்ற மண்காப்பு ஆராய்ச்சி நிலையம், மண்ணரிப்பைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து வருகிறது. படிக்கட்டு வயல்களும், சரிவுக்குக் குறுக்கே அமைந்த வரப்புகளும், நிலத்தை மூடி நிற்கும் செடிகளும் மண்ணைப் பிடித்து நிறுத்துவன.

மேட்டில் காக்கப்பெறும் மண் உழவனுக்குச் செல்வம். பள்ளத்தை அடைந்த அதே மண் ஏரிக்குச் சுமை. இதனை உணர்ந்து நடத்தல் நம் கடமையன்றோ?