கப்பலேறியவர்களுக்குச் சட்டம் இருந்ததா?

கேள்வி: சீனத் தொழிலாளர்கள் போன கப்பல்களுக்கு 1855-லேயே பிரிட்டன் சட்டம் போட்டதாமே? நம் ஊர்ப்பக்கத்துக் கூலிகளுக்கு அப்படி ஏதும் இருந்ததா?
– ஒரு வாசகி, திருவிடந்தை

பதில்: இருந்தது; அதற்கும் முந்தியே. 1837-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சட்டம் போட்டது: புறப்படுபவர் அதிகாரி முன் ஒப்பந்தத்தோடு நிற்க வேண்டும், கப்பலில் இடமும் உணவும் மருத்துவரும் இருக்க வேண்டும். கொடுமைகள் வெளியே வந்ததால் 1839-ல் பயணத்தையே தடுத்தார்கள். 1842-ல் மொரீசியசுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள். தோட்ட முதலாளிகளின் நெருக்கடிதான் காரணம்.

நீங்கள் சொல்லும் சீனப் பயணிகள் சட்டம், ஆளுக்குப் பன்னிரண்டு சதுர அடி தளம் என்று வரையறுத்தது. ஒருவர் கால் நீட்டிப் படுக்கும் இடம்தான் அது!

சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலேற வேண்டும். அப்படி 1860 அக்டோபர் 12-ல் புறப்பட்ட 'ட்ரூரோ', 342 பேருடன் நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் சேர்ந்தது. பத்தே நாளில் கல்கத்தாவிலிருந்து வந்த 'பெல்விடியர்' கப்பலிலோ காலரா. பலர் வழியிலேயே மாண்டார்கள். காகிதத்தில் இருந்த மருத்துவ விதி அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது இன்றும் நெஞ்சைச் சுடுகிறது.

ஆனால் அந்தச் சட்டங்கள் கட்டாயமாக்கிய பதிவேடுகள் நமக்குப் பெரிய சொத்து. 1911 வரை நேட்டால் போன சுமார் 1,52,000 பேரின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள தழும்பு எல்லாம் கப்பல்வாரியாக இருக்கின்றன. செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களும் அதில் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது 'நேட்டால் போனவர்' என்று பேச்சு இருந்தால், தகப்பன் பெயரையும் கிராமத்தையும் வைத்துத் தேடுங்கள்.