காது வலிக்கு ராத்திரிதான் நேரம்

பகலெல்லாம் மூக்கு ஒழுக ஓடியாடும் பிள்ளை, ராத்திரி படுக்கப் போட்டதும் வீறிட்டால் என் சந்தேகம் முதலில் காதின் மேல்தான் போகும். படுத்தால் நடுக்காதில் அழுத்தம் கூடும். தூக்கித் தோளில் சாய்த்தால் அழுகை கொஞ்சம் தணியும். என் மகனுக்கு மூன்று வயது வரை, சளி பிடித்தால் அடுத்தது காதுதான்.

காதைப் பிடித்து இழுப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பல் முளைத்தாலும் இழுப்பார்கள், தூக்கம் வந்தாலும் இழுப்பார்கள். நாலு வாய் பால் உறிஞ்சியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவது, காய்ச்சல், சிடுசிடுப்பு, சில சமயம் வாந்தி, பேதி என்று சேர்ந்து வந்தால் யோசிக்கலாம்.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டை, சாய்வும் குறைவு. சளியில் அது அடைத்தால் உள்ளே நீர் தேங்கும். மூக்கில் சாதுவாகக் குடியிருந்த கிருமிகள் அங்கே ஏறிச் சீழ் பிடிக்க வைக்கும். நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா, மொராக்செல்லா மூன்றும்தான் பெரும்பாலும். ஒருமுறை காது வலியோடு கண்ணிலும் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டது. காதுக்குள் விளக்கடிக்கும் முன்பே, கண்ணைப் பார்த்த டாக்டர், "இது ஹீமோஃபிலஸ் வேலையா இருக்கும்மா" என்றார். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை உடைக்கும் நொதி அதனிடம் பல சமயம் இருக்குமாம். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தாக எழுதினார். ஹீமோஃபிலஸுக்கும் சேர்த்துத்தானே பென்டாவேலன்ட் தடுப்பூசி போட்டாச்சு என்றேன். அது ஹீமோஃபிலஸில் 'பி' வகையை மட்டும்தான் தடுக்குமாம், காதுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை.

இன்னொரு முறை விடிந்து பார்த்தால் தலையணை உறையில் மஞ்சள் கறை. பிள்ளையோ சிரிக்கிறான்! செவிப்பறை ஓட்டையாகிச் சீழ் வெளியேறினால் வலி விட்டுவிடும், நோய் விடாது. மாமியார் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சக் கிளம்பினார். "காது ஒழுகுது அத்தை, எண்ணெய் வேணாம்" என்று அடுப்பை அணைத்தேன். காதுக்குள் தாய்ப்பாலும் ஊற்றக் கூடாது. வெளியே வழிவதைத் துடைத்து, குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். ஓட்டை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

எல்லாக் காது வலிக்கும் ஆன்டிபயாடிக் கிடையாது. இரண்டு வயது தாண்டி, காய்ச்சலும் வலியும் அதிகமில்லாத பிள்ளைக்குப் பாராசிட்டமால் கொடுத்து 2, 3 நாள் பார்க்கச் சொல்வார்கள். 6 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தக் காத்திருப்பு ஆகாது. காதுக்குப் பின்னால் வீங்கி, மடல் முன்னுக்குத் தள்ளினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வலி போனபின்னும் உள்ளே நீர் சில வாரம் நிற்கும். கூப்பிட்டால் திரும்பாமல், டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லிக்கொண்டே 3 மாதம் ஓடிவிட்டால், 'கவனமில்லாத பிள்ளை' என்று அதட்டாமல் காது கேட்கும் சோதனைக்குக் கூட்டிப் போங்கள்.