பச்சை ஏரிக்குள் ஒரு குடியிருப்பு

அன்புள்ள மருமகள் கயல்விழிக்கு,

குடுபல்லிப் பக்கத்து ஏரித் தண்ணீர் பெயிண்ட் கொட்டினாற்போல் பச்சையாகக் கிடக்கிறது, மயில்துத்தம் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருந்தாய். போடுவதற்கு முன், அந்தப் பச்சைக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடு.

அந்தப் பச்சை, நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். நாம் பாசி என்று சொன்னாலும், அது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா வகை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி.தேசிகாச்சாரி 1959இல் இவற்றுக்கென்றே ஒரு பெருநூல் எழுதினார். ஏரிகளில் அடிக்கடி பெருகுவது மைக்ரோசிஸ்டிஸ். நுண்ணோக்கியில் பார்த்தால், வழவழப்பான கூழுக்குள் நுண்ணிய உருண்டைகள் நெருக்கியடித்துக் கிடக்கும். அந்தக் கூழில் வேறு பாக்டீரியாக்களும் ஒட்டியிருக்கும். பாசி கசியவிடும் சர்க்கரை அவற்றுக்கு உணவு. அவை வெளிவிடும் கரியமில வாயு பாசிக்கு உணவு. சில பாக்டீரியாக்கள் பாசியைத் தாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்து அதைக் காக்கின்றன. லைசோபாக்டர் போன்றவையோ பாசிச் செல்லை உடைத்தே தின்கின்றன.

மைக்ரோசிஸ்டிஸின் பல வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சைச் செய்கின்றன. கொதிக்க வைத்தாலும் அது போகாது. பாசி உயிரோடிருக்கும்வரை நஞ்சு பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருக்கும். மயில்துத்தம் போட்டால் செல்கள் ஒரேயடியாக வெடித்து, நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பெருகிய பாசியை மயில்துத்தத்தால் கொன்றார்கள். சில நாட்களில் 148 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அங்கே இருந்தது வேறொரு பாசி, வேறொரு நஞ்சு, பாடம் ஒன்றுதான்.

இந்த நஞ்சையும் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. மைக்ரோசிஸ்டின் ஏழு அமினோ அமிலங்கள் கோத்த வளையம். 1990களில் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட ஸ்பிங்கோமோனாஸ் பாக்டீரியா, ஒரு நொதியால் அந்த வளையத்தை ஓரிடத்தில் வெட்டுகிறது; நச்சுத்தன்மை சுமார் 160 மடங்கு குறைந்துவிடுகிறது. கொழும்பு பெய்ரா ஏரியிலிருந்தும் மைக்ரோசிஸ்டினைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வேலைக்கு நாட்கள் பிடிக்கும். அதற்குள் மாடுகள் குடித்துவிடும். செத்த பாசியை மட்க வைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரின் ஆக்சிஜனையும் தீர்த்துவிடுவதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

ஒரு சோதனை செய். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பாட்டிலில் அந்தத் தண்ணீரை எடுத்து, அசைக்காமல் நிழலில் வை. பச்சை மேலே திரண்டு மிதந்தால் நீலப்பச்சைப்பாசி என்று சந்தேகப்படு. அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, குளிக்கவோ, மாட்டுக்குக் காட்டவோ வேண்டாமென்று ஊரில் சொல். தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லிப் பஞ்சாயத்தில் மனுக் கொடு.

பாசியைப் பெருக்குவது சாக்கடையிலும் எருவிலும் உரத்திலும் வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும்தான். ஏரிக்கு வரும் கால்வாய் வழியே நடந்து, எந்தெந்த இடத்தில் கழிவு இறங்குகிறது என்று குறித்துக்கொள். மனுவில் அதையும் சேர். கழிவு வரும் வழிகளை அடைத்தால்தான் ஏரி தெளியும்.

அன்புடன்,
அத்தை