படத்தோடு விவரமும் சேரட்டும்

ஒளிப்படத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்களை முதலில் மிரட்டுவது, விண்ணப்பத்தில் இருக்கும் 'முன் அனுபவம்' என்ற கட்டம்தான். வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்ற சிக்கலை அவிழ்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது: யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய கூட்டு ஒளிப்படத் திட்டங்கள். கட்டணம் கிடையாது, வயதுச் சான்றிதழ், பட்டம் எதையும் கேட்க மாட்டார்கள். ஓரளவு நல்ல கைபேசி போதும்.

இவற்றில் பெரியது 'விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்'. 2010இல் நெதர்லாந்தில், அந்நாட்டின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களைப் பொதுமக்களே படமெடுத்துத் தரும் போட்டியாகத் தொடங்கியது. மறு ஆண்டே ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பரவி 1,68,208 படங்கள் சேர்ந்தன. உலகின் மிகப் பெரிய ஒளிப்படப் போட்டி என்று கின்னஸில் இடம்பிடித்தது. 2012இல் இந்தியாவும் கலந்துகொண்டது. வழக்கமாகச் செப்டம்பரில் நடக்கும். ஒவ்வொரு நாட்டின் நடுவர் குழுவும் பத்துப் படங்கள் வரை உலகச் சுற்றுக்கு அனுப்பலாம். நம் நாடு எல்லா ஆண்டும் பங்கேற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் படங்கள் போய்ச் சேரும் இடமான விக்கிமீடியா பொதுவகம் ஆண்டு முழுவதும் திறந்தே இருக்கிறது.

பரிசு சிலருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்களுக்குக் கைகொடுப்பது படத்தோடு எழுதும் விவரக்குறிப்பு. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். வடக்குப் படிக்கட்டை ஒட்டி, சண்டேசரின் தலையில் சிவன் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. அதை எடுத்து 'அழகிய கோயில் சிற்பம்' என்று ஏற்றினால் தேடுபவர் கண்ணில் படாது. 'சண்டேச அனுக்கிரகமூர்த்தி, வடக்குப் படிக்கட்டு அருகே, கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திரன் காலம், 11ஆம் நூற்றாண்டு' என்று எழுதி, எடுத்த தேதியையும் சரியான பகுப்பையும் சேர்த்துப் பாருங்கள். கட்டுரை எழுதுபவர், பாடநூல் தயாரிப்பவர், ஆய்வு மாணவர் எல்லோரும் அந்தப் படத்துக்கு வந்து சேர்வார்கள். அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், செய்தி நிறுவனத்தின் படப்பிரிவு ஆகிய இடங்களில் அன்றாடம் நடக்கும் வேலையும் இதுதான். சம்பளம் வாங்குவதற்கு முன்பே அந்த வேலையைப் பழகிவிடுகிறீர்கள். தமிழில் ஒரு குறிப்பு, ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு என இரண்டும் எழுதுங்கள். தமிழ்க் குறிப்பு இல்லாத தமிழ்நாட்டுப் படங்கள் பொதுவகத்தில் ஏராளம் கிடக்கின்றன என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பொதுவகத்துக்குத் தரும் படத்தை உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், வணிகத்துக்கும்கூட. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே ஒரே வாடிக்கையாளருக்கென்று விற்க நினைக்கும் படத்தை ஏற்ற வேண்டாம். பொது இடத்தில் நிலையாக இருக்கும் கட்டடத்தையும் சிற்பத்தையும் படமெடுக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. சினிமா சுவரொட்டி, பேனர், இன்றைய சுவரோவியம் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. கோயிலுக்கு உள்ளே போகுமுன் அந்த இடத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். மனிதர்களைப் படமெடுத்தால், அது எங்கே போகும் என்பதைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம்.

பூச்சி, பறவை, செடி பிடிக்கும் என்றால் 'ஐநேச்சுரலிஸ்ட்' என்ற இணையதளம் இருக்கிறது. இடமும் தேதியும் உள்ள படத்தை ஏற்றினால் மற்ற பயனர்கள் இனத்தை அடையாளம் சொல்வார்கள். கருத்து ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரப் பதிவாகும். உரிமம் இடம் கொடுத்தால் உலக உயிரினத் தரவுத் தளமான ஜிபிஃப் வரை போகும். சூழலியல், தாவரவியல் மாணவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

விண்ணப்பத்தில் 'ஒளிப்பட ஆர்வம் உண்டு' என்ற ஒற்றை வரியால் பயனில்லை. எந்தத் திட்டம், எத்தனை படங்கள், எந்தப் பொருளில் என்று எழுதி, உங்கள் பங்களிப்புப் பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். பொதுவகத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் அது எந்தெந்த மொழி விக்கிப்பீடியாவில், எந்தக் கட்டுரையில் இருக்கிறது என்ற பட்டியல் வரும். நேர்காணலில் அதைத் திறந்து காட்டலாம். மூலக் கோப்புகளைத் தேதிவாரியாகப் பத்திரப்படுத்துங்கள். இந்தக் கோணத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் வரிசையாகக் காட்டிச் சொல்ல உதவும். கணக்குத் தொடங்கும்போதே பயனர் பெயரை யோசித்து வையுங்கள். படத்தைப் பயன்படுத்துபவர்கள் அந்தப் பெயரைத்தான் அச்சிடுவார்கள். விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.