துளைகள் ஏன் தப்பின?

அன்புள்ள கயலுக்கு,

சர்க்யூட் போர்டின் துளைகள் பேடுகளில் உட்காரவில்லை என்று தொழிற்சாலையிலிருந்து மெயில் வந்ததும், கிகாட் மென்பொருளில் டிசைனைத் திறந்து ட்ராக் ட்ராக்காகத் தேடியதாக எழுதியிருந்தாய். அங்கே கிடைக்காது. நீ அனுப்பியது டிசைன் அல்லவே! லேயருக்கு ஒன்றாகக் கெர்பர் ஃபைல்கள், துளைகளுக்குத் தனியாக எக்செல்லான் டிரில் ஃபைல். அவர்கள் கண்டது இவ்வளவுதான்.

அந்த ஃபைல்களையே கெர்பவ் போன்ற வேறொரு வியூவரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார். உருவாக்கிய மென்பொருளிலேயே சரிபார்க்காதே. தான் எழுதியது அதற்குச் சரியாகத்தான் தெரியும்.

துளைகள் தவறியிருக்கும் விதமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். எல்லாம் ஒரே திசையில் ஒரே தூரம் நகர்ந்திருந்தால், கெர்பருக்கு ஒரு ஆரம்பப் புள்ளியும் டிரில்லுக்கு வேறொன்றும் தேர்ந்திருக்கிறாய். அமைப்பு மாறாமல் 25.4 மடங்கு பெருத்தோ சிறுத்தோ இருந்தால் அங்குலம், மில்லிமீட்டர் குழப்பம். அமைப்பே குலைந்து கிடந்தால் பூஜ்யங்களைச் சந்தேகி.

இந்தப் பூஜ்ய விவகாரம் கொஞ்சம் விசித்திரமானது. பழைய வழக்கப்படி எண்ணில் புள்ளி வைக்கமாட்டார்கள். அங்குலத்துக்கு 2 இலக்கம், பின்னத்துக்கு 4 என்று பேசி வைத்துக்கொள்வார்கள். 1.5 அங்குலம் 015000. இடம் மிச்சம்பிடிக்கக் கடைசிப் பூஜ்யங்களை வெட்டினால் 015. வாசிப்பவர் முன்பூஜ்யங்கள்தான் வெட்டப்பட்டன என்று நினைத்தால் அது 0.0015 ஆகிவிடும். 1.25 அங்குலமோ 0125 என்று எழுதப்பட்டு 0.0125 ஆகும். வலப்பக்கம் இருக்கவேண்டிய துளை இடப்பக்கம் போய்விட்டது, பார்த்தாயா? காகித நாடாவில் ஓட்டை போட்ட காலத்துச் சிக்கனத்துக்கு இன்னும் நாம் வட்டி கட்டுகிறோம்.

டிரில் ஃபைலை நோட்பேடில் திற. அலகு தலைப்பகுதியிலேயே இருக்கும். பூஜ்ய விவரமும் பெரும்பாலும் அங்கேதான். கையால் திருத்தாதே. கிகாடில் தசமப்புள்ளி வடிவத்தைத் தேர்ந்து, கெர்பர், டிரில் இரண்டுக்கும் ஒரே ஆரம்பப் புள்ளி கொடுத்து, எல்லாவற்றையும் மறுபடி எடு.

பிழையே இல்லாததையும் திருத்திவிடாதே. அடிப்பக்க எழுத்து வியூவரில் கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறித்தான் தெரியும். எல்லா லேயரையும் மேலிருந்து பார்ப்பதாகத்தான் கணக்கு. அதைப் புரட்டி அனுப்பினால் போர்டு குப்பைக்குத்தான். சோல்டர் மாஸ்க் லேயரில் பேடுகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிவதும் சரியே. அங்கே வரைந்திருப்பது மாஸ்க் இல்லாத இடம்.

போர்டின் எல்லைக்கோடு இடைவெளியின்றி மூடியிருக்கிறதா என்று பார். ட்ராக்கை நகர்த்தியிருந்தால், பிளாட் செய்யுமுன் செம்பு நிரப்பலைப் புதுப்பி.

கடைசியாக, ஜிப் செய்தபின் அந்த ஜிப்பைப் புது ஃபோல்டரில் பிரித்து, அதிலிருந்தே வியூவரில் ஏற்று. பழைய டிரில் ஃபைல் ஒன்று வேறு பெயரில் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம். இருந்தால் நீக்கிவிட்டு அனுப்பு.

அன்புடன்,
மாமா